பின்மூடி 6119, உள்ளே வேறு

பழைய சீகோ 5 வாட்ச் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று யாராவது டயலைப் படமெடுத்து அனுப்பினால், பின்மூடியையும் அனுப்பச் சொல்வேன். டயலுக்குப் பெயின்ட் அடிப்பது நம்மூரில் ஒரு பெரிய விஷயமே இல்லை.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் காட்டிய வாட்சையே எடுத்துக்கொள்ளலாம். பின்மூடியில் 6119-8083 என்று இருந்தது. கோட்டுக்கு முன்னால் இருப்பது உள்ளே ஓடும் மெஷினின் எண், பின்னால் இருப்பது கேஸின், அதாவது வெளிக்கூட்டின் எண். கூடவே ஆறு இலக்க வரிசை எண் ஒன்று. அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி எழுத்துகள். இது 23 என்று தொடங்கியது, அதாவது 1972 மார்ச். எந்தப் பத்தாண்டு என்பதை வரிசை எண் சொல்லாது, மெஷின் எந்தக் காலத்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"அந்தக் காலத்துச் சரக்கு சார், அப்படியே ஒரிஜினல்" என்றார் கடைக்காரர்.

டயலோ நல்ல கிளிப்பச்சை. ஆறு மணிக்குக் கீழே, விளிம்போரம் பொடி எழுத்தில் ஜப்பான் என்றும் ஒரு எண்ணும் இருக்க வேண்டும். எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் மெஷினோடு ஒத்துப்போக வேண்டும். மீதி மாறியிருந்தால் பதற வேண்டாம், டயலுக்குத் தனி எண் உண்டு. 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் இதில் எண்ணே இல்லை. நிமிடக் கோடுகள், மணியைக் காட்டும் கட்டைகளுக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் விலகி ஓடின. டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்து விற்பதை, பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று கிண்டலடிக்கும் ரகம்.

அப்புறம் கிரவுன், பக்கவாட்டில் இருக்கும் திருகு. 6119-ல் அதை லேசாக உள்ளே அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். பின்னால் வந்த 7009 மெஷினில் அப்படிக் கிடையாது, ஒரு கிளிக் வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும். (முள் இரவு 9 மணி தாண்டி விடிகாலைக்குள் நின்றிருந்தால் இதைச் செய்யாதீர்கள், தேதிச் சக்கரம் கெட்டுவிடலாம். முள்ளை முதலில் நகர்த்திவிடுங்கள்.) அழுத்தினேன், ஒன்றும் அசையவில்லை. இழுத்துத் திருப்பினேன், தேதி ஓடியது.

"அண்ணே, பின்மூடியைக் கொஞ்சம் கழற்றுங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். உள்ளே 7009. நல்ல மெஷின்தான், நிஜ சீகோதான். ஆனால் 6119-இன் விலைக்கு எதற்கு வாங்க வேண்டும்? 7009 விலைக்குத் தருகிறீர்களா என்று கேட்டேன். வாட்சை மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கண்ணாடி, ஸ்ட்ராப், கிரவுன் மாற்றியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் கையில் கிடந்த வாட்சில் அதெல்லாம் மாறத்தான் செய்யும். டயல் மட்டும் மங்கலோ, கறையோ, கம்பெனியில் அச்சடித்ததாகவே இருக்க வேண்டும். அப்படிக் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்குவேன்.