சாக வேண்டிய செடி

எங்கள் ஊர்ப்பக்கம் தக்காளிக்கு ஒரே பிரச்சினை விலைதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் 14 கிலோ பெட்டி இன்று என்ன போனது என்பதில்தான் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுப் பேச்சு தொடங்கும். விலை விழுந்தால் பறிகூலிக்குக்கூடத் தேறாது என்று காட்டிலேயே விட்டுவிடுவார்கள். மார்க்கெட்டில் லாரி ஏறும் பெட்டிகளில் நிறைய கேரளாவுக்குப் போகும். அவர்கள் ஏன் தாங்களே தக்காளி போட்டுக்கொள்வதில்லை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மத்திய கேரளத்தில் ஓர் ஆய்வுப் பண்ணையில் திட்ட உதவியாளனாகச் சேர்ந்த முதல் மாதமே விடை தெரிந்துவிட்டது.

நட்டு நான்கு வாரம் ஆன செடி. காலையில் தளதளவென்று நின்றது. மத்தியான வெயிலில் கொழுந்து மட்டும் லேசாகத் துவண்டது, சாயங்காலம் நிமிர்ந்துகொண்டது. தண்ணீர் பற்றவில்லை போல என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வெந்நீர் ஊற்றியது மாதிரி முழுச் செடியும் தொங்கிவிட்டது. இலை மஞ்சளாகவில்லை, ஒரு புள்ளி விழவில்லை. பச்சையாகவே செத்துக் கிடந்தது. பூஞ்சணத்தால் வரும் வாடலில் அடியிலை பழுத்து, செடி பல நாள் இழுத்துக்கொண்டு கிடக்கும். பாக்டீரியா வாடலுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் படும்படி ஆடாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் ஒரு நூல் நேராகக் கீழே இறங்கும். அந்த நூல் முழுக்கப் பாக்டீரியா. செடியின் தண்ணீர்க் குழாய்களுக்குள் புகுந்து, பெருகி, பசைபோல ஒன்றைச் சுரந்து அடைத்துவிடுகிறது. காலடியில் ஈரம் இருக்கும்போதே செடி தாகத்தில் சாகிறது. முதல்முறை பார்த்தபோது அரைமணி நேரம் டம்ளரை வைத்துவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

இந்தப் பாக்டீரியாவுக்கு வைத்த பெயர்களின் கதை தனி. 1896-ல் அமெரிக்கத் தாவர நோய் ஆய்வாளர் எர்வின் ஸ்மித் விவரித்தபோது பேசில்லஸ். அப்புறம் ரொம்ப காலம் சூடோமோனாஸ். 1992-ல் பர்கோல்டேரியா, மூன்று நான்கு வருடத்தில் ரால்ஸ்டோனியா. 2014-ல் அதையும் மூன்றாகப் பிரித்து, ஆசியாவில் அதிகம் உள்ள வகைக்கு ரால்ஸ்டோனியா சூடோசொலனேசியரம் என்று வைத்தார்கள். ரேஷன் கார்டில்கூட இத்தனை திருத்தம் செய்ய மாட்டார்கள். பெயர் எதுவானாலும் சூடும் ஈரமும் புளிப்பு மண்ணும் இருந்தால் அதற்குச் சந்தோஷம். கேரளத்துச் செம்மண்ணில் மூன்றும் தாராளம். தக்காளி மட்டுமல்ல, கத்தரி, மிளகாய் என்று 200-க்கும் மேற்பட்ட செடியினங்களில் புகுந்து கொல்லும். மருந்தடித்துத் தீர்க்கிற நோயல்ல; மண்ணில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். அதனால்தான் தாங்குகிற ரகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

தேடுவதற்கு முதலில் நிலத்தைக் கெடுக்க வேண்டும். பண்ணையின் ஒரு மூலையில் அரை ஏக்கர் அளவில் 'சிக் ப்ளாட்' இருந்தது. எல்லோரும் நோயை விரட்டப் பார்ப்பார்கள், நாங்கள் அங்கே நோயை வளர்த்தோம். எந்த எதிர்ப்பும் இல்லாத பூசா ரூபி ரகத்தை நட்டு, வாடிய செடிகளைத் துண்டுதுண்டாக நறுக்கி அதே மண்ணில் மிதித்துப் புதைப்போம். காயவிடாமல் தண்ணீர் விடுவோம். அந்த மண்வெட்டி வேறு எந்தப் பாத்திக்கும் போகக் கூடாது, செருப்புகூடத் தனி. தெரியாமல் ஒருநாள் அந்தச் செருப்போடு நாற்றங்காலுக்குப் போய்விட்டு நான் வாங்கிய திட்டு இன்னும் மறக்கவில்லை.

அந்த ப்ளாட்டைப் பார்த்துக்கொண்டது ஒரு சேச்சி. இருபது வருடமாக அங்கே கூலிவேலை செய்தவர். வாரத்துக்கு ஒருமுறை வரிசை வரிசையாக நடந்து அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் குறிக்க வேண்டும். முதல் நாள் அவர் "சத்து... சத்து... இதும் சத்து" என்றார். நல்ல சத்தான செடி என்கிறார் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே போனேன். வரிசை முடிவில்தான் நிமிர்ந்து செடிகளைப் பார்த்தேன். மலையாளத்தில் 'சத்து' என்றால் செத்துவிட்டது. சேச்சி நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தமிழ்ப் பையன் தேறமாட்டான் என்கிற மாதிரி சிரித்தார்.

சோதனையில் இரண்டு ரகங்களுக்கு நிரந்தர இடம் உண்டு. ஒன்று சாவதற்காக நடும் பூசா ரூபி. இன்னொன்று நிற்பதற்காக நடும் ஹவாய் 7996. இந்த இரண்டாவது உலகம் சுற்றிய ஆள். தைவானில் உள்ள காய்கறி ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்து 1990-களில் வாடலைத் தாங்கும் 35 தக்காளி வகைகளை 11 நாடுகளில் நட்டுப் பார்த்தபோது, எங்கே போனாலும் விழாமல் நின்றது அதுதான். இது சாதாரண விஷயமல்ல. ஓர் ஊரில் தாங்கும் ரகம் அடுத்த ஊரில் படுத்துவிடுவதுதான் இந்த நோயில் வழக்கம். பாக்டீரியா ஊருக்கு ஊர் வேறு, வெயில் வேறு, மண் வேறு.

ஆனால் அதன் பழத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு லீவுக்கு ஊருக்குப் போகும்போது பை நிறைய எடுத்துக்கொண்டு போனேன். மாமா கமிஷன் மண்டிக்காரர். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "ஏன் மாப்ள, இதப் பெட்டியில போட்டா சந்து வழியா ஓடிப்போயிரும்ல?" என்றார். வாடலைத் தாங்கும் குணமும் சின்னப் பழமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு வரும். பெரிய பழ ரகத்தோடு கலந்து தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் பழம் பெருக்கும், எதிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா, பெங்களூரில் இருந்து வந்த அர்கா ரக்‌ஷக் எல்லாம் இந்த இழுபறியில் தேறி வந்தவை என்பதால் எனக்கு அவற்றின் மேல் தனி மரியாதை. சுண்டைக்காய், கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டுவது இதே சிக்கலுக்கு இன்னொரு வழி. கீழே வேர் தாங்கட்டும், மேலே பழம் மாமாவுக்குப் பிடித்தபடி இருக்கட்டும் என்கிற ஏற்பாடு.

இன்னொன்றும் உண்டு. நிற்கிற செடி நோயில்லாத செடி என்று அர்த்தமில்லை. ஒருநாள் சும்மா, நன்றாக நின்ற ஒரு செடியின் தண்டை வெட்டி அரைத்து, பாக்டீரியா வளர்க்கும் ஊடகத்தில் தடவிப் பார்த்தேன். இரண்டு நாளில் பாக்டீரியா பொங்கி வந்திருந்தது. உள்ளே விட்டுக்கொண்டு பரவாமல் ஓரமாக உட்கார வைக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து, நிற்கிற செடியைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

அந்தச் சந்தேகம் முன்பே வந்திருந்தால் ஒரு சீசன் மிஞ்சியிருக்கும். இரண்டாம் வருடம் தொட்டிச் சோதனை முழுவதையும் என்னிடம் விட்டார்கள். 40 புது வகைகள், கூட அந்த இரண்டு நிரந்தரவாசிகள், மொத்தம் 840 செடி. நாற்று நான்கு வாரம் ஆனதும் ஒரு பக்கத்து வேரைக் கத்தியால் கீறிவிட்டு, மில்லிக்குப் பத்துக் கோடி பாக்டீரியா உள்ள கரைசலை ஆளுக்கு 30 மில்லி ஊற்ற வேண்டும். முதுகு ஒடிய ஊற்றினேன். ஒரு வாரம், பத்து நாள், இரண்டு வாரம். ஒன்றும் விழவில்லை. 40 வகையும் கம்பீரமாக நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. திட்டத்தை நடத்திய மேடத்தின் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பூசா ரூபி?"

அதுவும் நின்றுகொண்டிருந்தது. பூ வேறு விட்டிருந்தது.

தப்பு என்னுடையதுதான். இந்தப் பாக்டீரியாவை வெறும் சுத்திகரித்த தண்ணீரில் போட்டு வைத்தால் வருடக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். நான் வாராவாரம் ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு அகார் ஊடகத்திலேயே மாற்றி மாற்றி வளர்த்தேன். உட்கார்ந்து சொகுசாகச் சாப்பிட்டால் அதற்கும் வீரியம் போய்விடும். டெட்ராசோலியம் என்ற ரசாயனம் கலந்த ஊடகத்தில் தடவினால் காட்டிக்கொடுத்துவிடும். வீரியமுள்ளது வெள்ளையாக, வழவழவென்று, நடுவில் மட்டும் இளஞ்சிவப்பாக வளரும். வீரியம் போனது சின்ன வட்டமாக அடர் சிவப்பில் இருக்கும். என் தட்டு முழுக்கச் சிவப்புப் பொட்டுகள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. 1954-லேயே கெல்மன் என்பவர் எழுதிவைத்த விஷயம், பரீட்சையில் நானே எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

840 செடியையும் பிடுங்கிப் போட்டோம். மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மறுபடி விதை போட்டு நாற்று வருவதற்குள் சிக் ப்ளாட்டில் போய் நின்றேன். சேச்சியே அன்று காலை வாடிய ஒரு செடியைக் காட்டினார். வெட்டி, டம்ளரில் பிடித்து, இறங்கிய நூலிலிருந்தே தட்டில் தடவினேன். இரண்டு நாள் கழித்து வெள்ளை வந்தது. கோழையாக, கண்றாவியாக, நடுவில் ரோஸ் நிறத்தோடு. அதிலிருந்து கரைசல் செய்து ஊற்றினேன். ஆறாவது நாள் வரை பசியே இல்லை. தினமும் மூன்று தடவை போய்ப் பூசா ரூபி தொட்டிகளை மட்டும் பார்த்துவிட்டு வருவேன்.

ஏழாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தபோது தொட்டிக் கொட்டகையிலிருந்து சேச்சியின் குரல் கேட்டது.

"மோனே, சத்து!"

குடை எடுக்காமல் ஓடினேன். மூன்று பூசா ரூபி தலையைத் தொங்கப் போட்டிருந்தன, பச்சை மாறாமல். ஈரக் கையோடு ஒன்றை வெட்டி டம்ளரில் பிடித்தேன். கை நடுங்கியதில் நூல் இரண்டு தடவை கலைந்தது, மூன்றாம் தடவை நேராக இறங்கியது. நான் சிரிப்பதைப் பார்த்துச் சேச்சி தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்து வரிசையை எண்ணப் போனார்.