பத்து நாளைத் தொலைத்த கேள்வி

வரலாற்றுக் கேள்விகளை நண்பர்களோடு மாறிமாறிக் கேட்டுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தில், விடை தெரியாமல் நான் தோற்றதைவிடக் கேள்வியை ஒழுங்காக அமைக்கத் தெரியாமல் தோற்றதே அதிகம்.

ஒருமுறை, "1582 அக்டோபர் 10 அன்று என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்ற மிதப்பில் இருந்தேன். அப்படியொரு நாளே கிடையாது என்பதுதான் நான் வைத்திருந்த விடை. போப் பதின்மூன்றாம் கிரிகோரி ஜூலியன் நாட்காட்டியைத் திருத்தியபோது, அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாளே 15 ஆகி, இடையிலிருந்த பத்து நாள்கள் காணாமற்போயின. ஆனால் ஒரு நண்பர், "எந்த நாட்டில்?" என்று இரண்டே சொல்லில் என்னைச் சாய்த்துவிட்டார். அத்திருத்தத்தை உடனே ஏற்றவை ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற சில கத்தோலிக்க நாடுகளே. இங்கிலாந்திலோ அந்த அக்டோபர் 10 வழக்கம்போல் விடிந்தது, 1752-இல்தான் அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆனது.

அதே கேள்வியை வேறுவிதமாகச் செதுக்கினேன்: "ஸ்பெயினில் 1582 அக்டோபர் 4 இரவு புனித தெரேசா இறந்தார், மறுநாள் நல்லடக்கம் நடந்த தேதி என்ன?" இடமும் காலமும் கேள்விக்குள்ளேயே இருப்பதால், 15 என்பதைத் தவிர வேறு விடைக்கு வழியில்லை. நூறாண்டுப் போர் எத்தனை ஆண்டு நடந்தது என்பதுபோல் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட கேள்வியும் இல்லை இது.

பதிலடியாக அந்த நண்பர், "கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார், சரியா?" என்றார். இரண்டும் 1642 என்று படித்த நினைவில், சற்றும் யோசிக்காமல் சரி என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். கலிலியோ இறந்த ஜனவரி 8, கிரிகோரி திருத்திய புதிய கணக்கு. நியூட்டன் பிறந்த டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய ஜூலியன் கணக்கு. புதிய கணக்குக்கு மாற்றினால் அது 1643 ஜனவரி 4.

இப்போது என் கையில் ஒரு பிப்ரவரி 30 இருக்கிறது. 1700-இல் லீப் நாளைக் கைவிட்டதால் எந்த அண்டை நாட்டோடும் தேதி பொருந்தாமல் தவித்த ஸ்வீடன், பழைய கணக்குக்கே திரும்ப முடிவுசெய்து, 1712 பிப்ரவரியில் ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. நாட்டின் பெயரைச் சொன்னால் பாதி விடை வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் அந்த நண்பர் மறுபடியும் இரண்டு சொல்லோடு வருவார். இரண்டு நாளாக அந்த ஒற்றை வாக்கியத்தை மாற்றிமாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.