ஜூஸ் வடிகட்டிக்குள் ஒரு மைக்

சென்னை எலியட்ஸ் கடற்கரையில் மாலை ஐந்து மணிக்கு நின்றால் அலை, சுண்டல்காரரின் குரல், ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கமிருந்து வரும் படகு இன்ஜின் எல்லாம் காதில் விழும். அதே இடத்தில் மைக்கைப் பிடித்து ஹெட்ஃபோனில் கேட்டால் ‘புர்ர் தட் தட்’ என்று காற்று மோதுவது மட்டும்தான். ரெக்கார்டரில் லோ கட் என்று ஒரு வசதி உண்டு. 80 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்று நாம் வைக்கும் அளவுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைத்துவிடும். காற்றுச் சத்தத்தில் பெரும்பங்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் என்பதால் அது ஓரளவு உதவும். ஆனால் பெரிய அலை மணலில் விழும்போது காலடியில் ஒரு அதிர்வு தெரியுமே, அதுவும் அதே பகுதியில்தான் இருக்கிறது. அதைக் குறைத்தால் மிச்சம் இருப்பது குழாயைத் திறந்துவிட்டது போல ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. எனக்கு அலையின் அடிக்குரல் வேண்டும். அதனால் லோ கட்டைத் தொடாமல், காற்றை மைக்குக்கு வெளியிலேயே நிறுத்த முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மைக் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வைத்திருப்பது பிரைமோ ஈஎம்272 கேப்சூல், அதாவது மைக்கில் ஒலியை வாங்கும் குட்டிப் பாகம். விட்டம் 10 மில்லிமீட்டர், எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வாங்கும் வகை, சொந்த இரைச்சல் மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் வாங்கி வந்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண கண்டன்சர் கேப்சூலே பழகப் போதும், டீ காசுக்குள் வந்துவிடும். ஒரு திசை மைக்குகள் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வேலை செய்பவை. காற்றுக்கு அவை இன்னும் சீக்கிரம் பணிந்துவிடும். கடற்கரைக்கு எல்லாத் திசை மைக்தான் என் தேர்வு.

வழக்கமான கறுப்பு ஸ்பாஞ்ச் தொப்பியை மாட்டிப் பார்த்தேன். வீட்டில் டேபிள் ஃபேனை ஒன்றில் வைத்தால் சமாளித்தது. மே மாத மதியம் கடற்காற்று உள்ளே வந்த பிறகு வெளியே கொண்டுபோனால் ஒன்றும் நிற்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். காற்று எதன் மேல் மோதினாலும் அங்கே சுழல் உண்டாகும். அந்தச் சுழலின் அழுத்த ஏற்ற இறக்கத்தைத்தான் மைக் சத்தமாக எடுத்துக்கொள்கிறது. ஸ்பாஞ்ச் மைக்கை ஒட்டியே இருப்பதால் சுழலும் மைக்கின் வாசலிலேயே நடக்கிறது. அதைத் தள்ளி வைக்க வேண்டும், நடுவில் அசையாத காற்று இருக்க வேண்டும். அதற்கு மைக்கைச் சுற்றி ஒரு கூண்டு வேண்டும், அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

கூண்டுக்குக் கம்பி வலை வாங்கி வளைக்கலாம் என்றுதான் முதல் யோசனை. ஈவினிங் பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் அரைக்கோளமாக ஸ்டீல் ஜூஸ் வடிகட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் அந்த யோசனை போய்விட்டது. இரண்டை வாய்க்கு வாய் வைத்தால் பந்து! வாய் சுமார் 11 சென்டிமீட்டர் இருக்கிற மாதிரி பார்த்து எடுத்தேன். அந்த அளவுக்கு ஒரு காரணம் உண்டு: நாலு இஞ்ச் பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். தெருமுனை ஹார்டுவேர் கடையில் துண்டு பைப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து, இரண்டு வடிகட்டிக்கும் நடுவில் வைத்தேன். மைக்கைத் தொங்கவிடும் இடமும் அந்த வளையம்தான். வடிகட்டியின் கைப்பிடிகளை ஆக்ஸா பிளேடால் அறுத்து, முனையை அரம் போட்டுத் தேய்த்தாயிற்று.

வடிகட்டியை நகத்தால் சுண்டினால் ‘ணங்’ என்று மெல்லிய மணி போல ஒலித்தது. காற்று வேகமாக அடிக்கும்போது இந்த ஒலி பதிவில் கலக்கும். விளிம்பு முழுக்கவும், வலையின் உள்பக்கம் நாலைந்து இடங்களிலும் சிலிக்கான் பசையைப் பொட்டு பொட்டாக வைத்துக் காயவிட்டேன். மறுநாள் சுண்டினால் ‘டக்’. ஸ்டீல் வலை என்பதால் செல்போன் பக்கத்தில் இருக்கும்போது வரும் ‘டிட் டிட் டிட்’ குறுக்கீடும் குறைந்தது. இது கேட்காமல் கிடைத்த லாபம்.

அடுத்தது தொங்கல். நேரம் அதிகம் போனதும், நான் மிகவும் ரசித்ததும் இந்தப் பகுதிதான். ஸ்டாண்டில் கை பட்டாலோ மணலில் யாராவது ஓடினாலோ அந்த அதிர்வு மைக்குக்குப் போகக் கூடாது. எலாஸ்டிக்கில் தொங்கவிட்டால் போதும் என்பார்கள். போதாது. எலாஸ்டிக்கும் அதில் தொங்கும் எடையும் சேர்ந்து தனக்கென்று ஒரு அதிர்வெண்ணில் ஆடும். அதற்கு நன்றாக மேலே இருக்கும் அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், ஸ்கேல் போதும். எடையை மாட்டியதும் எலாஸ்டிக் எத்தனை சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைத்துவிடும். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 5 ஹெர்ட்ஸ். ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கினால் கிட்டத்தட்ட 16. ஒரு கேப்சூலின் எடைக்கு எலாஸ்டிக் அசையவே அசையாது. கம்பியில் கட்டிய மாதிரிதான் ஆகும்.

ஆகவே கேப்சூலுக்கு எடை சேர்க்க வேண்டும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் சின்ன பித்தளை நிப்பிள் (குட்டிக் குழாய்த் துண்டு) ஒன்றுக்குள், ஒரு ரப்பர் வாஷர் சுற்றி, கேப்சூல் முன்னால் எட்டிப் பார்க்கிற மாதிரி சொருகினேன். கைக்குக் கனமாக, திருத்தமாக வந்தது. பிவிசி வளையத்தில் எட்டு ஓட்டை போட்டு, தையல் சாமான் கடையில் வாங்கிய உருண்டை எலாஸ்டிக்கைக் குறுக்கும் நெடுக்கும் கோத்து, நிப்பிளை நடுவில் நிறுத்தினால் அரை சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகமாக இறங்குகிறது. ஆறரை ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். காதுக்கு எட்டாத இடம். சாதாரண ரப்பர் பேண்டு வேண்டாம், நம்மூர் வெயிலில் சீக்கிரமே பிசுபிசுத்து அறுந்துவிடும். ஒயரும் கவனிக்க வேண்டிய விஷயம். தடித்த கேபிளை இழுத்துக் கட்டினால் அதிர்வெல்லாம் அதன் வழியாகவே உள்ளே வரும். கூண்டுக்குள் மெல்லிய ஒயரைத் தொளதொளவென்று ஒரு சுற்று விட்டு, வளையத்தில் கட்டிய பிறகுதான் தடித்த கேபிளோடு பற்றவைத்தேன்.

ஸ்டாண்டில் மாட்ட வளையத்தின் அடியில் ஒரு கால் இஞ்ச் நட். கடையில் விட்வொர்த் நட் என்று கேட்டு வாங்குங்கள். கேமரா ட்ரைபாடிலும் இஞ்சுக்கு 20 மரைதான், அதனால் பொருந்திவிடும். மெட்ரிக் நட் ஏறாது.

வெறும் பந்தே ஸ்பாஞ்சைவிடப் பல மடங்கு மேல். அதன்மேல் முடித்துணி போட்டால்தான் முழுப் பலன். நீளமான முடிகள் காற்றின் வேகத்தை மேற்பரப்பிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும், பெரிய சுழல் உருவாகாது. டெடி பொம்மைக்குப் போடும் ஃபர் துணி பாரிமுனைப் பக்கம் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. வாங்கும்போது முடியின் அழகைப் பார்க்காதீர்கள், திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். பல துணிகளில் பின்னால் பசை பூசியிருக்கும். வாயில் வைத்து ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் போகாது. மூச்சு போகாத துணியில் ஒலியும் சரியாகப் போகாது, ‘ச’, ‘ஸ’ எல்லாம் மழுங்கிவிடும். நான் ஊதி ஊதிப் பார்ப்பதைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

தைத்துக் கொடுத்த எங்கள் தெரு டெய்லர் அண்ணன் அதைவிட மேல். “இன்னா சார் இது, நாய்க்குட்டிக்கு சொட்டரா?” என்றார். மைக்குக்கு என்றதும், “மைக்குக்கே குளுருதா?” என்று கேட்டுவிட்டு, ஆரஞ்சுச் சுளை மாதிரி ஆறு துண்டாக வெட்டினால்தான் உருண்டையில் சுருக்கம் விழாது என்று அவரே வெட்டித் தைத்தார். அடியில் சுருக்குக் கயிறு வைத்தார். கூலியாக நாற்பது ரூபாய்தான் கேட்டார், ஐம்பதாகக் கொடுத்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, முடித்துணி போட்ட பந்து ஒரு சேனலிலும், வெறும் ஸ்பாஞ்ச் மாட்டிய அதே வகைக் கேப்சூல் இன்னொரு சேனலிலும் வைத்து ஒரே நேரத்தில் பதிவு செய்தேன். போனில் காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்று காட்டிய மாலை அது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (தாழ்ந்த ஒலி கீழே, உச்ச ஒலி மேலே என்று காட்டும் படம்) போட்டால் ஸ்பாஞ்ச் சேனலின் அடிப்பகுதி முழுக்க ஒரே வெளிச்சப் பட்டை. பந்து சேனலில் அதே இடத்தில் அலைகள் தனித்தனியாக எழுந்து அடங்குவது தெரிகிறது. பலத்த வீச்சு வரும்போது மட்டும் அடியில் ஒரு முணுமுணுப்பு மிச்சம் இருக்கிறது. முடித்துணி உச்ச ஒலியைக் கொஞ்சம் மந்தமாக்குவது உண்மைதான். உப்புக்காற்றில் முடி பிசுக்கேறி ஒட்டிக்கொண்டால் இன்னும் மந்தமாகும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, பழைய சீப்பால் வாரிவிடுகிறேன். கேப்சூல் மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவுக்குள்.

முடித்துணியைக் கழற்றிவிட்டால் இந்தப் பந்து வீட்டில் பாப் ஃபில்டராகவும், அதாவது பேசும்போது மைக்கில் மோதும் மூச்சைத் தடுப்பதாகவும், உதவுகிறது. அக்கா மகள் கதை வாசித்துப் பதிவு செய்கிறாள். தமிழில் வாசிக்கும்போது ‘ப’ பெரிதாக வெடிப்பதில்லை, நாம் அதை மூச்சு விட்டுச் சொல்வதில்லையே. நடுநடுவே ஆங்கிலச் சொல் வந்தால்தான் மைக்கில் ‘பொஃப்’. பந்து அதைத் தாராளமாகப் பிடித்துக்கொள்கிறது. சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா என்று அவள் கேட்டாள். கனமில்லாத அந்த அட்டை தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்யாது. அதற்குப் பதில் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். அறையின் எதிரொலி அதிலேயே நன்றாகக் குறைந்துவிட்டது.

இப்போது கையில் இருப்பது மழை வேலை. பந்தின் மேல் துளி விழுந்தால் ஒவ்வொன்றும் ‘டொப்’ என்று கேட்கும். குடை பிடித்தால் குடையே மத்தளம். துளியைச் சத்தமில்லாமல் உடைக்க நார் மாதிரி ஒன்று வேண்டும், அது நம்மூரிலேயே இருக்கிறது: மெத்தைக் கடைகளில் கிடைக்கும் ரப்பர் பூசிய தேங்காய் நார். வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை வாங்கி, பந்துக்கு மூன்று விரல் மேலே நாலு கம்பியில் கூரையாக நிறுத்தி, குளியலறை ஷவரைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். துளிச் சத்தம் போய்விட்டது. நார் நன்றாக ஊறியபின் நடுவில் சொட்ட ஆரம்பிக்கிறது. கூரையைக் கொஞ்சம் சாய்த்து, அடியில் கொசுவலை ஒரு மடிப்பு கொடுத்தால் தண்ணீர் ஓரமாக வழிகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அந்தச் சாய்வை எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.