ராஜாவும் உண்டு, மாநிலமும் உண்டு: ஒப்பீட்டுக் கேள்விக்கு மலேசியாவைப் படித்த விதம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவில் சர்வீஸ் படிக்கிற தம்பி தங்கைகள் மெயின்ஸ் பொது அறிவு இரண்டாம் தாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடைசியில் ஒரு வரியில் வந்து நிற்பார்கள். "இந்திய அரசியலமைப்பைப் பிற நாடுகளோடு ஒப்பிடுதல்." சிலபஸில் ஒரே வரிதான், ஆனால் எதுவரை படிப்பது என்பதற்கு எல்லையே கிடையாது. கோச்சிங் நோட்ஸில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் என்று மூன்று கட்டம் போட்டு முடித்திருப்பார்கள். மன்னரும் இருந்து மாநிலங்களும் இருக்கிற மலேசியா, கனடா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் எல்லாம் ஓரத்தில் ஒரு குறிப்பாகக் கிடக்கும். நான் அந்த ஓரத்தில்தான் தொடங்கச் சொல்வேன்.

காரணம் இதுதான். பிரிட்டனில் மன்னர் உண்டு, கூட்டாட்சி இல்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி உண்டு, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பிரதமர் இல்லை. நம்மிடம் கூட்டாட்சியும் இருக்கிறது, பொறுப்புள்ள அமைச்சரவையும் இருக்கிறது, மன்னரின் இடத்தில் மட்டும் குடியரசுத் தலைவர். ஆக நம்மோடு அக்கம் பக்கமாக நிறுத்திப் பார்க்கத் தோதான நாடுகள் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன.

அதிலும் மலேசியாவை முதலில் எடுங்கள். நம்ம பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் ஐயாவோ அவருடைய ஐயாவோ மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன கதை இருக்கும், பினாங்கு, ஈப்போ என்ற பெயர்கள் பள்ளத்தூர், கானாடுகாத்தான் மாதிரி காதில் விழுந்து பழகியவை, அதனால் பாதி பயம் அங்கேயே போய்விடும். அதன் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக் ஓர் உறுப்பினர். நம் ஏழாவது அட்டவணை மாதிரியே அங்கே ஒன்பதாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் மூன்றும் இருக்கும். ஒரு வித்தியாசம், எந்தப் பட்டியலிலும் வராத அதிகாரம் இங்கே மத்திய அரசுக்கு, அங்கே மாநிலத்துக்கு. இந்த ஒரு வரியே பதிலில் நல்ல எடை கொடுக்கும்.

பதவிகளைப் படிக்கும்போது பட்டம், சம்பிரதாயம், கிரீடம் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பதவிக்கும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியது, இவரை யார் உட்கார வைக்கிறார்கள், இவர் யார் சொல்படி கையெழுத்துப் போடுகிறார், இவரை வீட்டுக்கு அனுப்ப முடிவது யாரால், அவ்வளவுதான். இதற்குப் பதில் எழுதிவிட்டால் அந்தப் பதவி உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

மலேசியப் பேரரசரை, அதாவது யாங் டி-பெர்துவான் அகோங்கை, எடுத்துக்கொள்வோம். மொத்தம் 13 மாநிலங்கள். அதில் ஒன்பதில் பரம்பரை ஆட்சியாளர்கள் இருக்கிறார்கள். (நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில் பெயரை வரிசையாகச் சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த எண் மறக்கவே மறக்காது.) இந்த ஒன்பது பேரும் ஆட்சியாளர்கள் மாநாட்டில் கூடி, தங்களுக்குள் ஒருவரை ஐந்து வருடத்துக்குப் பேரரசராகத் தேர்ந்தெடுப்பார்கள். ரகசிய வாக்கெடுப்பு உண்டு, ஆனால் நடைமுறையில் முறைவைத்துத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரி 31 அன்று பதவியேற்றது அந்த வரிசையில்தான். பேரரசராக இருக்கும் காலத்தில் சொந்த மாநிலத்தின் வேலையை ஒரு பதில் ஆட்சியாளர் பார்ப்பார், அந்த மாநிலத்தின் இஸ்லாமிய சமயத் தலைமை மட்டும் அவரிடமே இருக்கும். மிச்சம் நான்கு மாநிலங்களுக்கு, பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக், ஆளுநர்கள். அவர்களைப் பேரரசர் நியமிக்கிறார், ஆனால் அந்த மாநில முதல்வரைக் கலந்து பேசிய பிறகு. மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் இங்கே கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். அந்த நான்கு ஆளுநர்களும் மாநாட்டில் உறுப்பினர்கள்தான், ஆனால் பேரரசரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. பிரிலிம்ஸில் சிக்க வைக்க ஏற்ற இடம், பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

சரி, பேரரசர் யார் சொல்படி நடக்கிறார்? பிரிவு 40. பொதுவாக அமைச்சரவை சொல்படி. சொந்த முடிவு எடுக்கலாம் என்று தெளிவாக விட்டிருப்பவை கொஞ்சம்தான்: பிரதமரை நியமிப்பது, நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கேட்டால் மறுப்பது, ஆட்சியாளர்களின் உரிமைகள் பற்றி மட்டும் பேச மாநாட்டைக் கூட்டச் சொல்வது. இதை நம் பிரிவு 74-க்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இங்கே குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்பதை 42-ஆவது திருத்தம் எழுத்திலேயே போட்டது, ஒருமுறை திருப்பி அனுப்பலாம் என்பது 44-ஆவதில் வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். சட்டப்பிரிவைப் படித்தால் பதவி தெரியும், நெருக்கடியைப் படித்தால்தான் அதிகாரம் தெரியும். 2022 நவம்பர் 19 தேர்தலில் 222 இடங்களில் யாருக்கும் 112 வரவில்லை. அன்வார் இப்ராஹிமின் கூட்டணி முதலிடம், ஆனால் எண்பது சொச்சம்தான். கட்சித் தலைவர்கள் ஆதரவுக் கடிதங்களோடு அரண்மனைக்கு அலைந்தார்கள், பேரரசர் சுல்தான் அப்துல்லா பிற ஆட்சியாளர்களையும் கலந்து, நவம்பர் 24 அன்று அன்வாரை நியமித்தார். பெரும்பான்மை ஆதரவு கிடைக்கக்கூடியவர் என்று 'தன் கருத்தில்' தோன்றுபவர் என்று பிரிவு 43 சொல்வது எவ்வளவு கனமான சொல் என்பது அந்த ஐந்து நாளில்தான் தெரியும். யாரை முதல்வராக அழைப்பது என்று ஆளுநர் முடிவெடுத்து சர்ச்சையான கர்நாடகா 2018, மகாராஷ்டிரா 2019 இரண்டையும் இதோடு சேர்த்துப் படித்தால் ஆளுநரின் விருப்புரிமை பற்றிய கேள்விக்கு வேறு யாரும் எழுதாத ஓர் உதாரணம் கையில் இருக்கும்.

இன்னொன்று 2020 அக்டோபர். அப்போதைய பிரதமர் முகைதீன் யாசின் அவசரநிலை கேட்டார். பேரரசர், மற்ற ஆட்சியாளர்களோடு பேசிவிட்டு, இப்போது தேவையில்லை என்றார். 2021 ஜனவரியில் மறுபடி கேட்டபோது ஒப்புக்கொண்டார், அது ஆகஸ்ட் 1 வரை இருந்தது. சொந்த முடிவுக்கென்று விட்ட அந்தப் பட்டியலில் அவசரநிலை இல்லையே, அப்புறம் எப்படி மறுத்தார் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் சரியாகப் படிக்கிறீர்கள். அங்கத்திய வழக்கறிஞர்களும் அதைத்தான் விவாதித்தார்கள்.

மசோதாவுக்கு ஒப்புதல் விஷயம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் விடவே கூடாதது. அங்கே நாடாளுமன்ற மசோதாவுக்குப் பேரரசர் 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், தராவிட்டால் ஒப்புதல் தந்தது போலவே சட்டமாகிவிடும், 1994 திருத்தத்திலிருந்து அப்படி. நம் ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கால வரம்பு சொன்னது, அதே வருடம் நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. ஒரு மன்னருக்கே கெடு வைத்திருக்கிறார்கள், நியமன ஆளுநருக்கு ஏன் கூடாது என்று நான் கேட்பேன், ஆனால் பரீட்சையில் இவ்வளவு சூடாக எழுதாதீர்கள்.

மற்ற மூன்று நாடுகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மாநில ஆளுநரை மன்னர் (பிரிட்டன் மன்னர்தான் அங்கேயும் கனடாவிலும் மன்னர்) நியமிப்பது அந்த மாநிலப் பிரிமியர், அதாவது முதல்வர், சொல்படி, கான்பெராவில் இருக்கிற மத்திய அரசுக்கு அதில் வேலை இல்லை. கனடாவில் தலைகீழ், மாகாண லெப்டினன்ட் கவர்னரை மத்திய அமைச்சரவை சொல்படி, மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் நியமிக்கிறார், இது ஆளுநர் நியமனம் பற்றிய நம் பிரிவு 155-க்கு நெருக்கம். ஆஸ்திரேலியாவில் 1975 நவம்பர் 11 கட்டாயம்: மேலவையான செனட் பட்ஜெட்டை நிறுத்தி வைத்தது, கவர்னர் ஜெனரல் ஜான் கெர், மக்களவையில் பெரும்பான்மை இருந்த பிரதமர் விட்லாமையே பதவிநீக்கம் செய்தார். பெல்ஜியத்தில் 1990 ஏப்ரல். கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை என்றார் மன்னர் போதுவான். அமைச்சரவை அவரை ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருப்பவர் என்று அறிவித்து, தாங்களே கையெழுத்திட்டு, அடுத்த நாளே நாடாளுமன்றம் அவரை மறுபடி உட்கார வைத்துவிட்டது. படிக்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மன்னரின் கையெழுத்து யாருடையது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தை இந்த வரிசையில் போடலாமா என்று ஒரு தங்கை கேட்டாள். ஏழு அமீரகங்கள், கூட்டாட்சிதான், ஆட்சியாளர்கள் கூடி அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்தான். ஆனால் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை அங்கே இல்லை, அதனால் தனியாக வையுங்கள்.

எழுதும்போது, 150 வார்த்தைப் பதிலில் இரண்டு நாடு போதும், நான்கையும் திணித்தால் எதுவும் நிற்காது. நோட்ஸுக்கு முன்னால் மூலத்தைப் படியுங்கள், மலேசிய அரசியலமைப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிரிவு 32 முதல் 43 வரை, அப்புறம் 66, 150, இவ்வளவை மட்டும் பிரிண்ட் எடுத்து, இடது ஓரத்தில் நம் பிரிவு எண்ணைப் பேனாவால் எழுதிக்கொண்டே போங்கள். எழுத எண் கிடைக்காமல் ஓரம் காலியாக விழுகிற இடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள், ஒப்பீட்டுக் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.