மனைவியின் வேலையில் எங்கள் விசா

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் பழைய ஏற்பாடு எல்லோருக்கும் தெரியும். கணவன் வளைகுடாவில், மனைவி பிள்ளைகளோடு ஊரில். நர்ஸிங் படித்த பெண்கள் பிரிட்டனுக்குப் போகத் தொடங்கியதும் அது தலைகீழானது. நான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மனைவிக்கு இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை கிடைத்தது. மகளை முதலில் அவள் கூட்டிக்கொள்ளட்டும், வீட்டுக்கடன் அடையும் வரை நான் மஸ்கட்டில் இருக்கிறேன் என்றுதான் பேசி வைத்திருந்தோம்.

பிரிட்டன் விசா விதிமுறை அதற்கு இடம் தரவில்லை. குழந்தைக்கு டிபெண்டன்ட் விசா, அதாவது வேலைக்குப் போகிறவரின் குடும்பத்தாருக்கான விசா, வேண்டுமானால் பொதுவாகப் பெற்றோர் இருவரும் அங்கே இருக்க வேண்டும், அல்லது சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் போதும் என்றால், குழந்தையின் முழுப் பொறுப்பும் அவருடையது மட்டுமே என்று நிரூபிக்க வேண்டும். மாதாமாதம் பணம் அனுப்பும் அப்பா மஸ்கட்டில் இருக்கும்போது அதை எப்படி நிரூபிப்பது? கணவன் வளைகுடாவில், மனைவி பிரிட்டனில் என்று கணக்குப் போடும் நம் ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நான் வேலையை விட்டு ஊருக்கு வந்தேன்.

“என்ன மக்கா, பெண்டாட்டி விசாவுலயா போற?” என்று கேட்டவர்கள் உண்டு. ஆமாம், அதில்தான். விசிட்டர் விசாவில் போனால் ஆறு மாதம்தான், வேலை செய்யக் கூடாது, அங்கிருந்தே வேறு விசாவுக்கு மாறவும் முடியாது. மார்த்தாண்டத்தில் ஓர் ஏஜென்ட், லட்சக்கணக்கில் பணம் கட்டினால் எனக்கே முதியோர் பராமரிப்பு வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்பதை அவர் சொல்லவே இல்லை. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. மாணவர் விசாவிலும் 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, துணைவருக்கு இடமில்லை. நர்ஸ் வேலைக்கு இந்தத் தடைகள் கிடையாது.

பணத்திலும் பெரிய வித்தியாசம். சாதாரண வேலை விசா என்றால் அங்குள்ள அரசு மருத்துவ சேவைக்கான சுகாதாரக் கட்டணமாகப் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு எங்கள் இருவருக்கும் 5,433 பவுண்டு ஆகியிருக்கும். நர்ஸ் குடும்பத்துக்கு அது முழுவதும் விலக்கு. செலவுக்குக் கையிருப்பாக எனக்கு 285, மகளுக்கு 315 பவுண்டு 28 நாள் வங்கியில் கிடக்க வேண்டும் என்பது விதி. மனைவியின் மருத்துவமனை எங்களுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுத்ததால் அதுவும் தேவைப்படவில்லை. கேட்காமல் யாரும் தர மாட்டார்கள், மனைவியிடம் சொல்லி எச்.ஆரில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

உண்மையான அலைச்சல் ஊர்க் காகிதங்களில்தான். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது. கோயில் சான்று தமிழில், மனைவி பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அவளுடைய அப்பா பெயர் முழுதாக நிற்கிறது. மகளின் பிறப்புச் சான்றிதழில் அதே பெயர் இன்னொரு வடிவத்தில். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதத்துத் திருமணத்தையும் பதிய வேண்டும். நாங்கள் கல்யாணமான கையோடு சார்பதிவாளர் ஆபீசில் பதிந்து வைத்திருந்தது கைகொடுத்தது. பெயர் வேறுபாட்டுக்கு, மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் அஃபிடவிட், தமிழ்க் காகிதங்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு. மகளின் சான்றிதழைத் திருத்தத்தான் அதிக நாள் பிடித்தது.

காசநோய்ப் பரிசோதனையை நம் ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்தால் செல்லாது, பிரிட்டன் அரசு அங்கீகரித்த இடத்தில்தான் எடுக்க வேண்டும். அனந்தபுரி எக்ஸ்பிரஸில் சென்னை போய் எடுத்தோம். எனக்கு எக்ஸ்ரே. மகள் சின்னவள் என்பதால் டாக்டர் கேள்வி கேட்டுப் பார்த்ததோடு சரி. சான்று ஆறு மாதம்தான் செல்லும், அதனால் மற்ற காகிதங்கள் சேர்ந்த பிறகு இதை எடுப்பது நல்லது. கைரேகையும் சென்னையிலேயே. நான் விண்ணப்பித்தபோது துணைவருக்கு ஆங்கிலத் தேர்வு எதுவும் கேட்கவில்லை. அப்புறம் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை, விசா வந்துவிட்டது.

டிபெண்டன்ட் விசாவில் தொழில்முறை விளையாட்டு, விளையாட்டுப் பயிற்சியாளர் வேலை தவிர எதையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் சேர்த்து. வேலை கொடுப்பவருக்குக் காட்ட அட்டை எதுவும் கிடையாது, விசா விவரத்தை அவர் பார்க்க ஆன்லைனில் எடுக்கும் ஷேர் கோடு என்ற எண் போதும். ஆனால் மனைவியின் வேலை போனால் என் விசாவும் ஆட்டம் காணும்.

ஏசி வேலை உடனே கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஏசி வாயுக்களைக் கையாளத் தகுதி தரும் எஃப்-கேஸ் சான்றிதழ் இல்லாமல் அங்கே குளிர்பதன வாயுவைத் தொட முடியாது, மஸ்கட் அனுபவச் சான்று அதற்கு ஈடாகாது. இப்போதைக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட். அந்தச் சான்றிதழுக்கான படிப்பில் சேர்ந்திருக்கிறேன், கட்டணம் மனைவியின் சம்பளத்திலிருந்துதான்.