ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பட்டா

காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடையில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில், என் தாய்மாமா வந்து திண்ணையில் உட்கார்ந்தால் மாடு கட்டும் கட்டுத்தரையில் உள்ள கேமரா கண்ணை மூடிக்கொள்கிறது என்ற பேச்சு, தை மாதம் முழுவதும் நடந்துகொண்டிருந்தது. மாமாவின் தோட்டம், இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் பாதையான இட்டேரிக்கு அந்தப் பக்கம். மாலை ஏழு மணிக்குக் காப்பி குடிக்கவும், அன்றைய கொப்பரை விலையைப் பற்றி அப்பாவிடம் வருத்தப்படவும் அவர் தவறாமல் வருவார். அவர் வந்த சில நிமிடங்களில் தொலைக்காட்சித் திரையில் மாடுகள் மறைந்து கறுப்புக் கட்டம் தெரியும். அவர் எழுந்து போன பிறகு மாடுகள் ஒன்றும் நடவாததுபோல அசைபோட்டுக்கொண்டு திரும்ப வந்துவிடும்.

"உன்ற தம்பி வந்துட்டாருன்னு கேமராவே சொல்லுது, நாய் எதுக்கு?" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது முதல் வாரத்தில் வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துவந்து கேமராவுக்குச் சுற்றிப் போட்டார். ஏழு மணிக்குத் தெருவிளக்கு எரிவதால் மின்னழுத்தம் குறைகிறது என்பது அப்பாவின் கருத்து. நானோ திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறவன். கணினியைத் தொடுகிறவன் என்ற ஒரே காரணத்தால் வீட்டின் பொறியாளர் பதவியும் என்னிடம் இருந்தது. அடாப்டரை மாற்றினேன், வைஃபை தரும் ரவுட்டரைச் சன்னலோரம் நகர்த்தினேன், அதை அணைத்து அணைத்துப் போட்டேன். மாமா வந்தார், மாடுகள் போயின.

ஒரு சனிக்கிழமை மாலை, மாமா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, கேமராவின் ஐ.பி. முகவரியான, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணான 192.168.1.105-க்கு, மடிக்கணினியிலிருந்து 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் அனுப்பிப் பார்த்தேன். பதில் ஒழுங்காக வந்தது. கேமரா உயிரோடு இருக்கும்போது படம் மட்டும் ஏன் வரவில்லை என்ற எரிச்சலில், கட்டுத்தரைக்குப் போய் அதன் மின்இணைப்பையே பிடுங்கிவிட்டு வந்தேன். அப்போதும் 105-இலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது. முனியப்பன் கோயில் பக்கமாக ஒருமுறை பார்த்துவிட்டு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் படித்தேன். 105 என்ற எண்ணுக்கு நேரே, மாமா பொங்கலுக்கு வாங்கிய புதுக் கைப்பேசியின் பெயர் இருந்தது.

இனி வருவது என் ஒப்புதல் வாக்குமூலம். மார்கழியில் மின்சாரம் போய்வந்த ஒவ்வொரு முறையும் கேமராவுக்கு வேறு வேறு எண் கிடைத்து, படத்தை வாங்கிப் பதிந்து தொலைக்காட்சியில் காட்டும் பதிவுப் பெட்டி அதைக் காணாமல் தேடியதால், எண்ணை நிலையாக்கிவிடலாம் என்று கேமராவின் அமைப்பில் ஸ்டாட்டிக் என்பதைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்கு அதனிடம் இருந்த 105-ஐயே அடித்துவைத்தவன் நான்தான். ரவுட்டருக்குள் இருக்கும் டி.எச்.சி.பி. என்ற பகுதி, 100 முதல் 199 வரையுள்ள எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிற கருவிக்கெல்லாம் 24 மணி நேரக் குத்தகைக்குக் கொடுக்கிறது. நிலையான எண் பெற்ற கேமரா குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்பதில்லை; கெடு முடிந்ததும் ரவுட்டர் 105 காலியாகிவிட்டதாகக் கருதி, அடுத்து வந்த மாமாவின் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டது. ஒரே எண் இருவரிடம் இருக்க, கேமராவைத் தேடிய பதிவுப் பெட்டி கைப்பேசியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கொடுக்குமுன் அந்த எண்ணில் யாராவது குடியிருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கும் ரவுட்டர்கள் உண்டு. எங்களுடையதற்கு அந்த நாகரிகம் இல்லை. அன்றாடம் வரும் கருவிக்கு முன்பு கொடுத்த எண்ணையே கொடுக்கும் ஞாபகசக்தி மட்டும் இருந்தது. போதாக்குறைக்கு, மாமாவின் கைப்பேசியில் வைஃபை கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்தவனும் நானே.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, பாதி கேட்டதுமே அவர், "ஒரே சர்வே நம்பருக்கு ரெண்டு பட்டா குடுத்துப்போட்டயா?" என்றார். நான் படித்த விளக்கங்கள் எதுவும் இவ்வளவு துல்லியமாக இல்லை. இட்டேரியின் அகலத்தை முன்னிட்டு அவரும் மாமாவும் ஐந்து வருடம் பேசாமல் இருந்தவர்கள் என்பதால், இந்த வகை வழக்கில் இருவருக்கும் நல்ல அனுபவம் இருந்தது.

"அப்படின்னா கேமராவுக்கு 500 குடுத்துரு, எவனும் கிட்ட வரமாட்டான்," என்றார் அப்பா. முகவரியின் ஒவ்வொரு பகுதியும் 8 பிட்டுகளால், அதாவது எட்டு 0 அல்லது 1-களால் ஆனது, எனவே 255-க்கு மேல் எண்ணே கிடையாது, எங்கள் வலையமைப்பில் கடைசிப் பகுதியின் 0-வும் 255-உம் பொதுக் காரியத்துக்குப் போய்விடும், மிச்சம் 254 தான் என்றேன். புறம்போக்குக் கழிக்கப்பட்டதைக் கேட்டவர்போலத் தலையாட்டினார். மாமாவின் சந்தேகம் வேறாக இருந்தது. அவர் வீட்டு ரவுட்டரின் அடியிலும் 192.168.1.1 என்றுதான் அச்சடித்திருக்கிறதாம். அது மட்டும் இரட்டைப் பட்டா இல்லையா? 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய விதி ஆவணம், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று 192.168 வரிசையை ஒதுக்கியிருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். "சர்வே நம்பர் 105 எல்லா ஊர்லயும் இருக்குமுங்க மாப்பிள்ளை, ஊர் வேற, நம்பர் ஒண்ணு," என்று அவரே முடித்துவைத்தார்.

ரவுட்டர் குத்தகைக்கு விடும் வரம்புக்கு வெளியே இருக்கும் 192.168.1.50-ஐக் கேமராவுக்குக் கொடுத்து, முகவரியில் எதுவரை ஊர், எது வீட்டு எண் என்று பிரித்துக்காட்டும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்று வைத்து, பதிவுப் பெட்டிக்கும் புது எண்ணைச் சொன்னேன். மாமா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, மாடுகள் திரையில் நின்றன. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை திருப்பூரிலிருந்து கைப்பேசியில் பார்த்தால் படம் இல்லை. வெளியே போகும் வாசலான ரவுட்டரின் எண்ணைக் கேட்கும் கேட்வே என்ற கட்டத்தில் 192.168.1.1 என்பதற்குப் பதிலாக 192.168.0.1 என்று அடித்திருக்கிறேன். ஒரே வலையமைப்புக்குள் பார்ப்பதற்குக் கேட்வே வேண்டியதில்லை என்பதால் வீட்டில் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது. அன்றிரவு யாரும் அறியாமல் அதைத் திருத்தினேன்.

மாமா மட்டும் விடவில்லை. "105 இனி என்றதுதானுங்களே?" என்று அப்பாவிடம் கேட்டார். கைப்பேசிக்குக் கிடைத்த 105 வெறும் 24 மணி நேரக் குத்தகை என்பதை நான் விளக்கினேன். அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பட்டா இல்லீங்க மாப்பிள்ளை, குத்தகைதான். தினம் ஒருக்கா வந்து புதுப்பிச்சுக்குங்க," என்றார்.

மறுநாள் நல்ல மழை. ஏழு மணிக்கு, தலையில் உரச்சாக்கைக் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைப் பாலித்தீன் பையில் சுற்றியபடி மாமா இட்டேரியைத் தாண்டி வந்தார்.