‘தி க்ரூசிபிள்’ படிக்கிறீர்களா? அட்டவணை போடாதீர்கள்

எம்.ஏ. ஆங்கிலத்தில் அமெரிக்க இலக்கியத் தாள். ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகத்திலிருந்து ஒரு பெரிய கேள்வி வரும் என்று சீனியர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். இன்டர்னலிலேயே வந்தது: சூனியக்காரி வேட்டை எப்படி அரசியல் உருவகமாகிறது? எனக்கு ஒரே குஷி. தாளின் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் நாடகம் நடக்கும் 1692 சேலம் (நம் ஊர் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சூனிய வழக்குகள் நடந்த ஊர்), வலப்பக்கம் கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி விசாரித்த 1950களின் அமெரிக்கா. சூனியக்காரி என்றால் கம்யூனிஸ்ட், நீதிபதி டான்ஃபோர்த் என்றால் அந்த வேட்டைக்குப் பேர்போன செனட்டர் மெக்கார்த்தி, நாடகத்தின் நாயகன் ஜான் ப்ராக்டர் என்றால் மில்லர். கைடில் இருந்த அதே வரிசை.

15க்கு 6. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும்: “அப்படியானால் நாடகம் எதற்கு?”

இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தது. அப்புறம் கைடை ஓரங்கட்டிவிட்டு நாடகத்தையே எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் இடித்தது ஆண்டுக் கணக்கு. கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றிய விசாரணையில் பட்ட அவமானத்தைத்தான் மில்லர் நாடகமாக்கினார் என்று எழுதியிருந்தேன். நடந்ததோ தலைகீழ். நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது 1953 ஜனவரி 22. மில்லர் விசாரணைக்குப் போனது 1956. அவரை விசாரித்ததும் மெக்கார்த்தி இல்லை. அது அமெரிக்க நாடாளுமன்றத்தில் பிரதிநிதிகள் சபையின் குழு, மெக்கார்த்தி இருந்தது இன்னொரு அவையான செனட்டில். இந்த இரண்டையும் குழப்பாத விடைத்தாளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

நாடகத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சம்பவம் 1952 ஏப்ரலில் இருக்கிறது. மில்லரின் நண்பரும் அவர் நாடகங்களை இயக்கியவருமான எலியா கசான் அதே குழுவின் முன் போய், கம்யூனிஸ்ட் கட்சியில் தன்னோடு இருந்த பழைய தோழர்கள் எட்டுப் பேரின் பெயரைச் சொன்னார். குழு கேட்டது கொள்கை விளக்கத்தை அல்ல, பெயர்களை. சேலத்திலும் அதேதான். சூனியம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பேச்சை மாற்றாமல் இருந்தவர் எவரும் தூக்கிலேறவில்லை. இல்லை என்று சாதித்தவர்கள்தான் செத்தார்கள். ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, கூட இருந்தது யார் என்றும் சொல்ல வேண்டும். ஒரு பெயர் பத்தாகும், பத்து நூறாகும். உருவகம் நிற்பது இந்தப் பொறியில். யார் யாருக்குச் சமம் என்பது இதற்கு அடுத்ததுதான்.

நான்காம் அங்கத்தை மட்டுமாவது மெதுவாகப் படியுங்கள். விடிந்தால் தூக்கு. ப்ராக்டர் பொய்யாக ஒப்புக்கொள்ள இறங்கி வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து, தள்ளாத கிழவி ரெபெக்கா நர்ஸை உள்ளே அழைத்து வருகிறார்கள், அவள் அதிர்ந்துபோகிறாள். பிசாசோடு வேறு யாரைப் பார்த்தாய் என்று டான்ஃபோர்த் பெயர் பெயராகக் கேட்கிறார். என் பாவத்தை நான் சொல்வேன், அடுத்தவரை என்னால் சொல்ல முடியாது என்கிறான் ப்ராக்டர். கையெழுத்தும் போடுகிறான். போட்ட தாளைத்தான் கொடுக்க மாட்டேன் என்கிறான், அதைத் தேவாலயக் கதவில் அடிக்கப் போகிறார்கள் என்பதால். வாயால் சொன்ன பொய்க்கும் ஊர் பார்க்கத் தொங்கும் பெயருக்கும் என்ன வித்தியாசம்? இதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். நாடகம் வந்து மூன்று வருடம் கழித்து, குழுவின் முன் மில்லரும் தன்னைப் பற்றிப் பேசினார், அடுத்தவர் பெயரைச் சொல்ல மறுத்தார். 1957இல் நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பு. 1958இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

பொருந்தாத இடங்களையும் விடாதீர்கள். நாடகத்தில் சூனியப் பழியைக் கிளப்பிவிடும் பெண் அபிகெய்ல். நிஜ அபிகெய்லுக்கு வயது 11, 12தான், ப்ராக்டருக்கு 60. மில்லர் அவளை 17 ஆக்கி, அவனை முப்பதுகளுக்கு இறக்கி, நடுவில் ஒரு கள்ளத்தொடர்பை வைத்தார். நிஜத்தில் ரெபெக்காவைத் தூக்கிலிட்டது ஜூலை 19, ப்ராக்டரை ஆகஸ்ட் 19. நாடகத்தில் இருவரும் ஒரே விடியலில் போகிறார்கள். மேடைக்கு அது தேவைப்பட்டது.

“சூனியக்காரிகள் இல்லை, கம்யூனிஸ்டுகள் இருந்தார்களே” என்ற ஆட்சேபம் அன்றைக்கே எழுந்தது. லேசில் தட்டிவிடக்கூடியதல்ல அது. கம்யூனிஸ்ட் இருந்தான் என்பதால் பெயர் கேட்டு மிரட்டும் முறை நியாயமாகிவிடுமா என்று திருப்பிக் கேட்டு நான் பதில் எழுதினேன். நீங்கள் ஆட்சேபத்தின் பக்கமே நின்றாலும் தப்பில்லை, விடையில் அது இருந்தால் சரி.

மாடல் தேர்வில் 11 வந்தது. இந்த முறை ஓரத்தில், “பெண்கள் எங்கே?” நியாயம்தான். ப்ராக்டரின் மானத்தைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியவன், பழியெல்லாம் ஒரு பெண்ணின் ஆசை மேல் விழுவதைக் கவனிக்கவேயில்லை. நேரம் இருந்தால் கேரில் சர்ச்சில் 1976இல் எழுதிய ‘வினிகர் டாம்’ நாடகத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து. ஏழைகள், கணவன் இல்லாதவர்கள், மருந்து தெரிந்தவள் என்று மாட்டுகிறவர்கள் எல்லாம் பெண்கள். நடுநடுவே நடிகர்கள் இன்றைய உடையில் வந்து பாடிவிட்டுப் போவார்கள். ஒப்பிட்டு எழுது என்று கேள்வி வந்தால் அந்த உடையிலிருந்தே தொடங்கலாம். மில்லர் 1953ஐ சேலத்து உடைக்குள் ஒளித்து வைத்தார், சர்ச்சில் ஒளிக்கவில்லை.